இரண்டு சீட்டு வண்டி

சீட்டுக்காரர் என்றதும் சீட்டாடுகிறவர் என்றுதான் தெருவுக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். ஒன்றிரண்டு பேர் சாயங்கால ஆட்டத்துக்கு ஆள் தேடிக்கொண்டு வாசல்வரை வந்ததும் உண்டு. வந்தவர்கள் எட்டிப்பார்த்தால், தோலும் ரெக்ஸினும் ஃபோமும் குவிந்து கிடக்க, நடுவில் ஒருவர் ஊசியை உதட்டில் கடித்துக்கொண்டு பஸ் சீட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். ஊரில் ஓடுகிற வண்டிகளில் பாதிக்கு மேல் அவர் கைபட்ட சீட்டுதான். முப்பது வருடமாக இந்த ஊரை உட்காரவைத்திருப்பதே நான்தான் என்று அவரே சொல்லிக்கொள்வார்.

அன்றைக்குப் பள்ளிக்கூட பஸ் ஒன்றின் இருக்கைகள் வந்து இறங்கியிருந்தன. பிரிக்கிற ஒவ்வொன்றுக்குள்ளிருந்தும் பென்சில், மிட்டாய்க் காகிதம், வீட்டுக்குக் காட்டாமல் ஒளித்த மார்க் அட்டை என்று ஏதாவது விழுந்துகொண்டிருந்தது. காலையிலிருந்து விடாத மழை. மழைநாளில் ஃபோம் ஈரத்தை இழுத்துக் கனத்துவிடும், பசையும் சரியாகப் பிடிக்காது. அந்த எரிச்சலில் இருந்தபோதுதான் அண்ணனின் ஃபோன் வந்தது.

"டேய், வேலையா இருக்கியா?"

"சொல்லுங்கண்ணே."

"வண்டியக் குடுத்துடலாம்னு இருக்கேன். முட்டி ஒத்துழைக்க மாட்டேங்குது. கிளட்ச மிதிச்சா உயிர் போகுது."

"எந்த வண்டி?"

"என்கிட்ட எத்தனை வண்டிடா இருக்கு? சிவப்பு வண்டிதான். மாப்பிள்ளை ரொம்ப நாளா கேட்டுக்கிட்டிருக்கார். ஆனா உனக்குச் சொல்லாம குடுக்கக் கூடாதில்ல. ஞாயித்துக்கிழமை அவர் வர்றார். அதுக்குள்ள வேணுமா வேணாமான்னு சொல்லிடு."

"என்ன விலைண்ணே?"

"உன்கிட்ட என்னடா விலை. மாப்பிள்ளை சொன்னதுல பாதி குடு, போதும்."

அந்தப் பாதிதான் சீட்டுக்காரருக்குச் சுருக்கென்று தைத்தது. 

அண்ணன் அவரைவிட இரண்டே வயது மூத்தவர். ஆனால் அந்த இரண்டு வயதுக்குள் உலகத்தில் உள்ள நல்லதெல்லாம் அண்ணனுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்பது சீட்டுக்காரரின் அசைக்க முடியாத எண்ணம். அண்ணன் போட்டுக் கழித்த சட்டை, ஓட்டிக் கழித்த சைக்கிள், படித்துக் கழித்த புத்தகம். புத்தகத்தில் முக்கியமான வரிகளுக்கு அடியில் அண்ணனே கோடு போட்டு வைத்திருப்பார். கோடு போடாத வரியாகத் தேடிப் படித்துத்தான் பரீட்சையில் கோட்டைவிட்டேன் என்பார் சீட்டுக்காரர். கல்யாணத்திலும் அதே கதைதான். அவர் மனைவி நர்ஸம்மாவை முதலில் அண்ணனுக்குத்தான் பேசினார்கள். பகலும் இரவும் மாறி மாறி ஆஸ்பத்திரிக்குப் போகிற பெண் தனக்குச் சரிப்படாது என்று அண்ணன் சொல்லிவிட்டார். இரண்டு வருடம் கழித்துத் தம்பிக்குப் பேசினார்கள். பார்த்த அன்றைக்கே இவருக்குப் பிடித்துப்போனது. அப்புறம் ஒரு நாளும் பிடிக்காமல் போனதில்லை. இருந்தாலும் முள் முள்தானே, அது உள்ளே கிடந்து குத்திக்கொண்டிருந்தது.

இப்போது காரும் அப்படியே வருகிறது. இருபத்திரண்டு வருடமாக அவர் கண்ணுக்குள் ஓடிக்கொண்டிருக்கிற கார். நீண்ட மூக்கு, கம்பி வைத்த சக்கரம், மரத்தில் ஸ்டியரிங், மடக்கி விரிக்கிற துணிக்கூரை, தரையோடு தரையாக இரண்டே சீட்டு. அதை அண்ணன் ஓட்டிக் கழித்துவிட்டு, முட்டி போன பிறகு, பாதி விலைக்குத் தருகிறாராம்.

வேண்டாம் என்று சொல்லிவிடலாம். சொன்னால் மாப்பிள்ளை வாங்கிவிடுவார். தங்கை புருஷனான இந்த மாப்பிள்ளை குளியலறைச் சாமான் கடை வைத்திருக்கிறார். காரைக் கடைவாசலில் நிறுத்தி, பக்கத்தில் ஒரு பீங்கான் தொட்டியை வைத்துப் படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புவார். அதையும் ஃபோனில் பார்த்துத் தொலைக்க வேண்டும். வாங்கினாலும் வயிறு எரியும், வாங்காவிட்டாலும் எரியும் என்கிற இந்த இக்கட்டு வேறு யாருக்காவது வந்திருக்குமா என்று அவர் யோசித்தார்.

மத்தியானம் நர்ஸம்மா வந்தாள். அவள் வேலையிலிருந்து ஓய்வு பெற இன்னும் மூன்று வாரம்தான் பாக்கி. குடையை வாசலில் விரித்துவைத்துவிட்டு, ரப்பர் செருப்பைக் கழுவி, பட்டறைக்குப் பின்னால் இருக்கிற சமையலறைக்குப் போனாள். பட்டறையும் வீடும் ஒன்றாக இருந்ததால் ஃபோம் தூள் எல்லா இடத்துக்கும் வந்துவிடும். தட்டைத் துடைத்துவைத்தாலும் பரிமாறுவதற்குள் ஒரு படலம் படிந்திருக்கும். இரண்டு வருடமாக அவளுக்கு விடாத இருமல். பட்டறையை வேறு இடத்துக்கு மாற்றத்தான் இருவரும் பணம் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த தெருவில் இடமும் பார்த்தாகிவிட்டது.

அவிந்த முட்டையை உரித்து அவர் தட்டில் வைத்தாள். ரொட்டியை மூடியிருந்த துணியை விலக்கினாள்.

"அண்ணன் வண்டிய விக்கிறாராம்" என்றார், தட்டைப் பார்த்துக்கொண்டே.

"சரி."

"முதல்ல என்னத்தான் கேட்டார்."

"எதுக்கு?"

"எதுக்குன்னா, வாங்கறதுக்குத்தான்."

நர்ஸம்மா முட்டையை உப்பில் தொட்டுக் கடித்தாள்.

"நம்ம வேனப் பின்னால எடுக்கச் சொன்னா விளக்குக் கம்பத்துல விடறீங்க. வாரத்துக்கு ரெண்டு நாள் லீவுல நான்தான் டெலிவரிக்கு ஓட்டிக்கிட்டுப் போறேன். நீங்க அந்த வண்டிய வெச்சு என்ன பண்ணுவீங்க?"

"கம்பம் புதுசா நட்டது. முன்னாடி அங்க இல்ல."

"பணம்?"

"இருக்கறதுல எடுத்துட்டு, அப்புறம் சேத்துக்கலாம்னு."

"இருக்கறது பட்டறைய மாத்தறதுக்கு." அவள் குரல் உயரவில்லை. ஆஸ்பத்திரியில் மருந்து குடிக்க மாட்டேன் என்கிறவர்களிடம் பேசுகிற அதே குரல். "நான் இனிமே பகல் பூரா வீட்டுலதான் இருக்கப்போறேன். இந்தத் தூளை பகல் பூரா முழுங்க என்னால ஆகாது."

"மாப்பிள்ளை கைக்குப் போயிடும்."

"போகட்டுமே. அவர் கையில என்ன சொறியா? குனிஞ்சு ஏறணும், படுத்துக்கிட்டு இறங்கணும். அது ஒரு வண்டின்னு எல்லாரும் அலையறீங்க."

சீட்டுக்காரருக்கு இந்தப் பேச்சு எப்போதும் பிடிக்கும். அந்தக் காரை அவள் மட்டம் தட்டிப் பேசும்போதெல்லாம் அவருக்கு உள்ளே குளுகுளுவென்றிருக்கும். அன்றைக்கும் கொஞ்சம் இருந்தது.

அந்தக் கார் வந்த கதையைச் சொல்ல வேண்டும். அண்ணன் அச்சகம் நடத்தினார். நாட்டைவிட்டே போகிற வாடிக்கையாளர் ஒருவர் அவருக்கு அதைக் கொடுத்துவிட்டுப் போனார். வரும்போது சீட்டு இரண்டையும் எலி தின்றிருந்தது. தம்பியிடம் கொண்டுவந்து போட்டார் அண்ணன். சீட்டுக்காரர் நாற்பது நாள் எடுத்துக்கொண்டார். ஸ்பிரிங்கைக் கழற்றிப் புதிதாகக் கட்டி, காபி நிறத் தோலைத் தேடி வாங்கி, சீட்டின் ஓரத்தில் குழல்போல ஓடுகிற மடிப்பை நான்கு தடவை பிரித்துத் தைத்தார். அதுவரைக்கும் அவர் செய்ததிலேயே நல்ல வேலை அது. முடித்ததும் அண்ணன், ஒரு சுற்று ஓட்டிப்பார்டா என்று சாவியைக் கொடுப்பார் என்று எதிர்பார்த்தார். அண்ணன் நல்லா வந்திருக்குடா என்று சொல்லிவிட்டு பர்ஸை எடுத்தார். அது அண்ணனுக்கு நியாயமாகப் பட்டிருக்கும். தம்பிக்கு அன்றைக்கு இரவு சாப்பாடு இறங்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து இதேபோல ஒரு மழைநாள் காலை. சீட்டுக்காரர் பட்டறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். சிவப்புக் கார் தெருவுக்குள் வந்து நின்றது. இடப்பக்கக் கதவைத் திறந்துகொண்டு இறங்கியவள் நர்ஸம்மா. முடி அவிழ்ந்து முகமெல்லாம் ஈரம். கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். துடைத்து முடித்த பிறகும் சிரிப்பு நிற்கவில்லை. கல்யாணமாகி ஆறு வருடத்தில் அவள் அப்படிச் சிரித்து அவர் பார்த்ததில்லை. மழையா இருக்கேன்னு வழியில பாத்துக் கூட்டிட்டு வந்தேன் என்று அண்ணன் கையாட்டிவிட்டுப் போனார். எதிர்க்கடைக்காரர் பல்லைக் காட்டியது வேறு.

மறுநாள் ஏதோ சாக்கில் அண்ணன் வீட்டுக்குப் போனார். அண்ணி சமையலறையில் இருந்தாள். அண்ணன் அச்சகத்தில். கார் ஷெட்டில் நின்றது. சட்டைப்பையில் தோல் வெட்டுகிற கத்தி எப்போதும் இருக்கும். அவள் உட்கார்ந்த சீட்டில், தொடை படுகிற முன்விளிம்பில், ஒரு சாண் நீளத்துக்கு ஒரே இழுப்பு. தான் நாற்பது நாள் தைத்த தோல் அது என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

அப்புறம் காத்திருந்தார். அண்ணன் அந்தச் சீட்டைத் தூக்கிக்கொண்டு வருவார், எவனோ கிழிச்சுட்டாண்டா என்பார், ஐயோ பாவம் என்று சொல்ல முகத்தைத் தயாராக வைத்திருந்தார். ஒரு வாரம் போனது, ஒரு மாதம் போனது, அண்ணன் வரவே இல்லை. அதற்குப் பதிலாக இரண்டு சீட்டுக்கும் மேலே கடையில் விற்கிற சாம்பல் நிறத் துணி உறை ஏறிவிட்டது. தன் வேலையை மூடி ரெடிமேட் உறை போட்டுவிட்டாரே என்று சீட்டுக்காரருக்கு அதிலும் கோபம் வந்தது. கிழித்தவர் யார் என்பது அந்தக் கோபத்துக்குள் எங்கோ காணாமல் போய்விட்டது. ஒரு ஆறுதல் மட்டும் இருந்தது. நர்ஸம்மா அதற்குப் பிறகு அந்தக் காரில் ஏறவில்லை. மழையில் நனைந்துகொண்டே நடந்து வந்தாள். அவளுக்கு அந்தக் கார் பிடிக்கவில்லை என்று அவர் எடுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை பஸ் வேலையை ஒதுக்கிவிட்டு அண்ணன் வீட்டுக்குப் போனார்.

"சீட்டக் கழட்டிப் பாத்துடறேண்ணே. ஸ்பிரிங் எப்படி இருக்குன்னு தெரியணும்."

"இப்ப எதுக்குடா? ஓட்டிப் பாரு முதல்ல."

"இல்ல, அது இருக்கட்டும்."

அண்ணன் ஒரு ஸ்டூலைப் போட்டு, ஒரு காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார். முட்டியில் பட்டை சுற்றியிருந்தது. ஷெட் தகரத்தில் மழை பேசவிடாமல் கொட்டியது. சீட்டுக்காரர் நான்கு போல்ட்டையும் கழற்றி, இடப்பக்கச் சீட்டை வெளியே தூக்கி மரப்பெட்டியின் மேல் வைத்து, சாம்பல் உறையின் கொக்கிகளை ஒவ்வொன்றாக விடுவித்தார்.

காபி நிறத் தோல் நேற்றுத் தைத்ததைப் போலவே இருந்தது. முன்விளிம்பில் அவர் வெட்டு. அந்த வெட்டின் மேல் கறுப்புப் பட்டு நூலில் பதினேழு தையல்.

சீட்டுத் தைக்கிறவன் யாரும் அப்படித் தைக்க மாட்டான். நூல் ஓடிக்கொண்டே போகும், கடைசியில் ஒரே முடிச்சு. இதில் ஒவ்வொரு தையலும் தனித்தனி. ஒவ்வொன்றுக்கும் ஒரு முடிச்சு, எல்லா முடிச்சும் வெட்டுக்கு ஒரே பக்கத்தில் ஒதுக்கியிருந்தது, எல்லா நுனியும் ஒரே அளவில் கத்தரித்திருந்தது. ஒரு தையல் அறுந்தாலும் மற்றது விடாது. சதையைத் தைக்கிறவர்கள் தைக்கிற முறை அது. சீட்டுக்காரரின் வலது மணிக்கட்டில் அதேபோல ஐந்து தழும்பு உண்டு. கல்யாணமான புதிதில் கத்தி வழுக்கியபோது நர்ஸம்மா போட்டது.

அவர் நிமிரவில்லை. அண்ணன் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பது முதுகில் தெரிந்தது.

"உறை நல்ல உறைதான்" என்றார் அண்ணன் கடைசியில். "அப்படியே போட்டுடு."

போட்டார். சீட்டைத் திரும்பப் பூட்டிவிட்டு, அண்ணி கொண்டுவந்த டீயை வாங்காமல் மழையோடு கிளம்பினார். வழியெல்லாம் அவருக்கு ஒரே கணக்குத்தான் ஓடியது. அந்தச் சீட்டின் மேல் அவள் எப்போது குனிந்தாள்? எங்கே வைத்து? அண்ணன் எவ்வளவு பக்கத்தில் நின்றார்? தன் பாவத்தைப் பற்றி வெட்கப்படுவதற்குக்கூட அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

நர்ஸம்மா உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள்.

"அண்ணன் வண்டி சீட்டத் தைச்சது நீதானா?"

அவள் கையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள்.

"பாத்துட்டீங்களா."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"நான்தான். மனுஷத் தோலுன்னு நெனச்சு ஆரம்பிச்சுட்டேன். மூணு ஊசி உடைஞ்சுது."

"எங்க வெச்சுத் தைச்ச?"

"ஆஸ்பத்திரில. கட்டுப் போடற ரூம்ல, ஸ்ட்ரெச்சர் மேல வெச்சு." கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள். "டியூட்டி முடிஞ்சு வெளிய வர்றேன். பெரியவர் வாசல்ல நிக்கிறார். சீட்ட ஒரு சாக்குல சுத்தி, ஏதோ அடிபட்ட ஆளைக் கொண்டாந்த மாதிரி கொண்டாந்திருந்தார். 'இது தம்பி கைம்மா'ன்னார். 'வலப்பக்கம் ஆரம்பிச்சு இடப்பக்கம் முடிஞ்சிருக்கு, இடக்கைக்காரன் இழுத்த வெட்டு. அவன்கிட்டயே தைக்கக் குடுத்தா மூஞ்சிய எங்க வெச்சுக்குவான்? வேற கடையில குடுத்தா, தம்பி இருக்கும்போது இங்க எதுக்குன்னு கேப்பாங்க. நீ தைச்சுக் குடுத்துடு'ன்னார். தைச்சுக் குடுத்தேன்."

"தைச்சுட்டு வந்து எனக்குச் சாப்பாடும் போட்டியா?"

"போட்டேன். நல்லாத்தான் சாப்டீங்க."

சீட்டுக்காரர் சுவரில் சாய்ந்துகொண்டார். வெட்கம் இப்போதுதான் வந்தது, காதுவரைக்கும் சூடாக வந்தது. அதன் பின்னாலேயே பழைய எரிச்சலும் வந்துவிட்டது. கிழித்தவனைக் காட்டிக்கொடுக்காமல் விட்ட பெரிய மனிதன். நல்லவனாக இருப்பதில்கூட அண்ணன்தான் முந்திக்கொண்டார். இந்தச் சங்கதியில் தனக்கு மிச்சம் இருந்தது மன்னிக்கப்படுகிற வேலை மட்டும்தான், அதுவும் தனக்கே தெரியாமல் நடந்து முடிந்திருக்கிறது.

"ரெண்டு பேரும் சேந்து இருபத்திரண்டு வருஷமா என்னப் பாத்துச் சிரிச்சுக்கிட்டிருந்தீங்களா?"

"அதுக்கப்புறம் அதப் பத்தி அவர் ஒரு வார்த்த பேசல. நானும் பேசல. சிரிக்கறதுக்கு அதுல என்ன இருக்கு?"

"அன்னிக்குச் சிரிச்சியே."

"என்னிக்கு?"

"மழைல. அவர் வண்டிலேர்ந்து இறங்கும்போது. மூஞ்சியத் தொடைச்சுக்கிட்டுச் சிரிச்ச."

வெளியே பஸ் சீட்டுகளின் மேல் மூடியிருந்த தார்ப்பாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"இத அன்னிக்கே கேட்டிருக்கணும் நீங்க. கத்திய எடுக்கறதுக்கு முன்னாடி."

"இப்ப கேக்கறேன். அவர் என்ன சொன்னார்னு சிரிச்ச?"

"அவர் ஒண்ணுமே சொல்லல. அவர் பக்கத்துல இருக்கார்ங்கறதே எனக்கு மறந்து போச்சு." அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அதுக்கு முந்தின ராத்திரி வார்டுல ரெண்டு சாவு. ஒண்ணு சின்னப் பொண்ணு. அந்தக் கையோட வெளிய வந்து வண்டில ஏறினேன். பாலத்துல ஏறும்போது வேகம் எடுத்தார். கூரைத் துணி ஒரு ஓரம் அவுந்துக்கிட்டு மழை மூஞ்சில அறையுது. கீழ பாத்தா ரோடு கைக்கெட்டற தூரத்துல ஓடுது. அவ்வளவு வேகமா நான் எங்கயும் போனதில்ல. ராத்திரி பாத்ததெல்லாம் பின்னாடியே நின்னு போயிடுச்சு. அதுக்குத்தான் சிரிச்சேன். அவருக்காகவும் இல்ல, உங்களுக்காகவும் இல்ல. எனக்குச் சிரிப்பு வந்துது, சிரிச்சேன்."

சீட்டுக்காரர் இருபத்திரண்டு வருடமாக அந்தச் சிரிப்பை எத்தனையோ விதமாகப் பிரித்துப் பிரித்துப் பார்த்திருக்கிறார். எல்லாவற்றிலும் ஒன்று அண்ணன் இருந்தார், அல்லது தான் இருந்தார். அவள் மட்டும் இருக்கிற ஒரு விதம் உண்டு என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

"அதுக்கப்புறம் எத்தனை மழை" என்றாள். "பெரியவர் நிறுத்தி 'ஏறும்மா'ம்பார். 'வேணாம் மாமா, நடந்துக்கறேன்'னு வந்துடுவேன். நீங்க கிழிச்சது சீட்டையா? நான் உக்காந்த எடத்த. அதுல திரும்ப எப்படி உக்கார்றது? நான் ஏறாம இருந்தது உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும்."

"என்ன நெனச்சுக்கிட்டீங்க?"

பொய் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"சந்தோஷமா இருந்துது."

"இருந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு நர்ஸம்மா உருளைக்கிழங்கை எடுத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை அவளுக்கு லீவு. முடிந்த பஸ் சீட்டுகளை வேனில் ஏற்றிக்கொண்டு இரண்டு நடை போய்வந்தாள். சீட்டுக்காரர் தைத்தார், பிரித்தார், மறுபடி தைத்தார். மூன்று மணிக்கு அவருக்கு ஒன்று உறைத்தது. காரை மாப்பிள்ளை வாங்கினால் முதல் வேலையாக அந்த உறையைக் கழற்றுவார். அந்தத் தையலைப் பார்ப்பார், யார் எவர் என்று தோண்டுவார், தங்கைக்குத் தெரியும், அப்புறம் சொந்தபந்தம் முழுக்கத் தெரியும். இனி ஆசைக்காக இல்லை, மானத்துக்காகவாவது வாங்கித்தான் ஆக வேண்டும். பட்டறைப் பணத்தில் கைவைக்க வேண்டியதுதான் என்று முடிவு செய்துகொண்டார். இதை நர்ஸம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று அவர் முழித்துக்கொண்டிருந்தபோது, அவளாகவே கேட்டாள்.

"அந்த வண்டி கிளட்ச் அவ்வளவு கனமா இருக்குமா?"

"அண்ணனுக்கு முட்டி போச்சு. மத்தபடி நம்ம வேன் அளவுதான் இருக்கும்."

"ஓ" என்றாள். மனம் இளகிவிட்டாள் என்று சீட்டுக்காரர் நினைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மழை தூறலாகக் குறைந்திருந்தது. இவர்கள் வேனில் போய் இறங்கியபோது மாப்பிள்ளை ஏற்கெனவே வந்திருந்தார். காரை ஷெட்டிலிருந்து வெளியே தள்ளி நிறுத்தியிருந்தார்கள். அவர் ஃபோனை நீட்டி நீட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க மச்சான். உங்களுக்காகத்தான் பெரியவர் வாயே திறக்காம உக்காந்திருக்கார். நீங்க ஒரு வார்த்த சொல்லிட்டா நான் ஓட்டிக்கிட்டுப் போயிடுவேன்."

"அவசரப்படாதீங்க மாப்பிள்ளை."

"அவசரம் என்ன. உள்ள மட்டும் ஒரு தடவ பாத்துடறேன். இந்த உறை என்ன, பஸ்ஸுக்குப் போடற மாதிரி." சொல்லிக்கொண்டே கொக்கிகளை இழுத்துவிட்டார்.

அண்ணன் ஸ்டூலிலிருந்து பாதி எழுந்தார். முட்டி விடவில்லை, உட்கார்ந்துவிட்டார்.

மாப்பிள்ளை குனிந்து பார்த்தார். விரலால் தடவினார்.

"என்ன மச்சான் இது? சாக்கு தைச்ச மாதிரி இருக்கு. உங்க கைவேலைதானா இது? நீங்க தைச்ச சீட்டுன்னு பெரியவர் பெருமையாச் சொன்னாரே."

ஆமாம் என்று சொன்னால் முப்பது வருடத் தொழிலுக்கே கேடு. எலி என்று சொல்லலாம், வாய்வரைக்கும் எலி வந்துவிட்டது. சீட்டுக்காரர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், இன்றைக்கும் காப்பாற்றத் தயாராக. இன்னொரு தடவை இவரால் காப்பாற்றப்பட்டால் தாங்காது என்று சீட்டுக்காரருக்குத் தோன்றியது. அந்த வீம்பில்தான் உண்மை வெளியே வந்தது.

"சீட்டத் தைச்சது நான். கிழிச்சதும் நான்தான். வயித்தெரிச்சல்ல கிழிச்சேன். அந்தக் கறுப்புத் தையல் மட்டும் அவ போட்டது."

மாப்பிள்ளை சிரித்தார். வேறு யாரும் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டார்.

அண்ணன் தலையைத் தூக்கினார். "எதுக்குடா இப்ப அதெல்லாம்" என்றார். "நீ சொல்லு. வண்டி வேணுமா வேணாமா?"

இனி மறைக்க எதுவும் இல்லை. மானத்துக்காக வாங்க வேண்டிய அவசியமும் போய்விட்டது. அண்ணனிடம் இருக்கக் கூடாது என்பதைத் தவிர அந்தக் காரைப் பற்றித் தனக்கு வேறு என்ன ஆசை இருந்தது என்று சீட்டுக்காரர் தேடிப்பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை.

"எனக்கு வேணாம்ணே."

"அப்ப எனக்குத்தான்" என்றார் மாப்பிள்ளை.

"நான் வாங்கிக்கறேன்" என்றாள் நர்ஸம்மா.

மூவரும் திரும்பினார்கள். அவள் வேனை ஒட்டி, குடையை மடக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மாமா, எனக்கு மாசக் கடைசில ஆஸ்பத்திரிலேர்ந்து வர வேண்டியது வரும். அதுலேர்ந்து தர்றேன். பாதி வெலையெல்லாம் வேணாம், மாப்பிள்ளை சொன்ன வெலையே தர்றேன். பட்டறைக்குச் சேத்தது பட்டறைக்கு இருக்கட்டும்." பிறகு புருஷனிடம், "அதத் தொடாதீங்க" என்றாள்.

"அக்கா, இது உங்களுக்கு எதுக்கு?" என்றார் மாப்பிள்ளை, மெய்யாகவே புரியாமல்.

"ஓட்டறதுக்கு."

அண்ணன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்குத் தனக்குப் பேசியபோது வேண்டாம் என்று தள்ளிவிட்ட பெண்ணை முதல்முறையாக ஒழுங்காகப் பார்க்கிற பார்வை என்று சீட்டுக்காரருக்குப் பட்டது. எப்போதும் அண்ணன் கையில் இருப்பதைத் தம்பி பார்க்கிற பார்வைதான் அது. அண்ணன் முகத்தில் அதைக் காண்பதற்கு ஒரு காலத்தில் என்ன வேண்டுமானாலும் கொடுத்திருப்பார். இப்போது கண்டபோது அவளுக்கு முன்னால் போய் மறைத்துக்கொண்டு நிற்க வேண்டும்போல இருந்தது.

அண்ணன் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார். "ரெண்டாவது கியர் கொஞ்சம் முரண்டு பிடிக்கும்மா. இழுத்துப் போடக் கூடாது, தள்ளிவிடணும்."

நர்ஸம்மா செருப்பைத் தட்டிவிட்டு, குனிந்து, ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்தாள். சீட்டை ஒரு விரல் முன்னால் இழுத்துக்கொண்டாள். கிளட்சை மூன்று தடவை மிதித்துப் பார்த்தாள். சீட்டுக்காரர் சுற்றிக்கொண்டு போய் இடப்பக்கக் கதவைத் திறந்தார்.

"இப்ப வேணாங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. "முதல்ல நான் மட்டும் ஒரு சுத்துப் போயிட்டு வர்றேன்."

அவர் கதவைச் சாத்தினார். சாத்தியது சரியாகப் பிடிக்காததால் இன்னொரு தடவை திறந்து சாத்தினார்.

கார் கேட்டைத் தாண்டி, தெரு முனையில் ஒரு கணம் நின்று, திரும்பி மறைந்தது. மூன்று ஆண்பிள்ளைகளும் தூறலில் நின்றார்கள். ஒருவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு, ஒருவர் கையில் ஃபோனோடு, ஒருவர் வெறுங்கையோடு.

"மெதுவாப் போகச் சொல்லியிருக்கணும்" என்றார் அண்ணன்.

"ரெண்டாவது கியர் விழுந்துடுச்சு. கேட்டுதா?" என்றார் மாப்பிள்ளை.

"கேட்டுது. எனக்கே அப்படி விழுந்ததில்ல."

கார் பாலத்தில் ஏறுவது சீட்டுக்காரருக்கு அங்கிருந்தே கேட்டது. என்ஜின் சத்தம் உயர்ந்தது, இன்னும் உயர்ந்தது, கூரைத் துணியைக்கூட அவள் இழுத்துவிட்டுக்கொள்ளவில்லை என்பது நினைவுக்கு வந்தது. இந்நேரம் சிரித்துக்கொண்டிருப்பாள். பக்கத்தில் யாரும் இல்லை, சந்தேகப்பட ஓர் ஆள்கூட இல்லை. அப்படியும் அவருக்கு வயிறு எரிந்தது.